பொன்மொழியை விடுங்கள், ரிட்டர்ன் பெட்டியைத் திறங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் பானசோனிக் நிறுவனர் கொனோசுகே மட்சுஷிதா பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். குழாய்த் தண்ணீர் மாதிரி மின்சாதனங்கள் எல்லாருக்கும் எட்டும் விலையில் பெருக வேண்டும் என்று 1932-ல் அவர் பேசியது, அன்று அறிவித்த 250 ஆண்டுத் திட்டம், ஒன்பது வயதில் ஒசாகாவுக்கு வேலைக்குப் போனது எல்லாம் அதில் இருந்தன. ஆனால் படித்து முடித்த ஒரு பட்டறைக்காரர் மறுநாள் ஷட்டரைத் தூக்கியதும் எதை மாற்றிச் செய்வார் என்று பார்த்தால், ஒன்றும் இல்லை. அந்த மனிதரின் தொழில் வாழ்க்கையில் அதற்கான விஷயம் ஏராளமாகக் கிடக்கும்போது பொன்மொழிகளோடு நிறுத்திக்கொண்டது எங்களுக்குக் குறையாகப் பட்டது.

நாங்கள் வியாசர்பாடி, கொடுங்கையூர், கொருக்குப்பேட்டைப் பக்கம் எல்.இ.டி பல்பும் எமர்ஜென்சி விளக்கும் பூட்டும் சிறு பட்டறைகளுக்குத் தரக்கட்டுப்பாடும் கணக்கும் பார்ப்பவர்கள். மட்சுஷிதா 1917-ல் தொடங்கியதும் ஏறக்குறைய இதே தொழில்தான்: பல்பு மாட்டும் சாக்கெட். வீட்டிலேயே மனைவி, மைத்துனர், பழைய வேலையிடத்து நண்பர்கள் இருவர் என்று ஐந்து பேர். கட்டுரை சொல்வதற்கு மாறாக, அந்த சாக்கெட் வெற்றி பெறவில்லை. நூறு போல விற்று நின்றுவிட்டது. பட்டறையைக் காப்பாற்றியது, மின்விசிறிக்கு 1,000 இன்சுலேட்டர் தட்டுகள் கேட்டு வந்த ஒரு ஜாப் ஆர்டர். சாக்கெட்டுக்காகக் கற்ற கலவை, அச்சு வேலை அதற்குப் பயன்பட்டது. சொந்தப் பிராண்ட் ஓடும்வரை ஜாப் ஒர்க் எடுப்பதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அடுத்தது 1923-ல் வந்த சைக்கிள் விளக்கு. அப்போது இருந்த பேட்டரி விளக்குகள் மூன்று மணி நேரம் எரிந்தால் பெரிது. இவருடையது 30 முதல் 50 மணி நேரம் எரிந்தது. மொத்த வியாபாரிகள் நம்பவில்லை, வாங்கவும் இல்லை. சரக்கு குவிந்தது. அவர் ஒசாகாவின் சைக்கிள் கடைகளுக்கு நேரடியாக ஆள் அனுப்பி, இரண்டு மூன்று விளக்குகளை வைத்து, ஒன்றை அங்கேயே ஏற்றிவிட்டு வரச் சொன்னார். சொன்ன நேரம் எரிந்தால் மற்றதை விற்றுப் பணம் கொடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். இதை ‘இலவச மாதிரி’ உத்தி என்று எழுதிவிடுகிறார்கள். இலவசம் இதில் சின்ன விஷயம். சந்தையில் உள்ளதைவிடப் பத்து மடங்கு எரியும் பொருள் கையில் இருந்ததால்தான் அதைக் கடைக்காரர் கண்ணெதிரே எரியவிட முடிந்தது. சுமாரான பல்பை எடுத்துக்கொண்டு மின்ட், தண்டையார்பேட்டை மின்சாமான் கடைகளில் இதைச் செய்தால் உங்கள் பலவீனத்துக்கு நீங்களே விளம்பரம் செய்ததாகும்.

1927-ல் சதுர விளக்குக்கு அவர் செய்ததில் பேரக்கணக்கு இருக்கிறது. 10,000 விளக்குகளைச் சும்மா கொடுக்க முடிவெடுத்தார். உள்ளே போடும் பேட்டரி ஒகாடா என்ற வேறொருவருடைய தயாரிப்பு. ‘ஆண்டு முடிவுக்குள் 2,00,000 பேட்டரி விற்றுத் தருகிறேன், தந்தால் இந்தப் பத்தாயிரத்துக்கு விலை வாங்காதே’ என்று பேசினார். ஆயிரம் விளக்கு போல விநியோகித்ததுமே ஆர்டர் வரத் தொடங்கிவிட்டது. அந்த ஆண்டில் 4,70,000 பேட்டரி விற்றது. விளம்பரச் செலவில் ஒரு பகுதியை, விற்பனையால் பயனடையப் போகிற சப்ளையர் தலையில் நியாயமாக ஏற்றினார். பல்புக்குள் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் டிரைவர் போர்டு வாங்குபவர்கள் பத்து பைசா குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுவதைவிட, இத்தனை மாதத்தில் இத்தனை எடுத்தால் ரீப்ளேஸ்மென்ட் போர்டு 2 சதவீதம் இலவசம் என்று எழுதி வாங்குவது மேல்.

கட்டுரையில் வராத முக்கியமான கதை ரேடியோ. 1930-ல் மட்சுஷிதா வேறொரு ரேடியோ தொழிற்சாலையோடு சேர்ந்து தன் பெயரில் ரேடியோ விற்றார். அந்தத் தொழிற்சாலைக்கு நல்ல பெயர் இருந்தது. ஆனாலும் ரிட்டர்ன் மலையாக வந்தது. பிரித்துப் பார்த்தால் பெரிய கோளாறுகள் இல்லை. திருகு தளர்ந்திருந்தது, வால்வு இடம் பெயர்ந்திருந்தது. அதுவரை அந்த ரேடியோவை விற்றவர்கள் ரேடியோ தெரிந்த கடைக்காரர்கள். பெட்டியைத் திறந்து சரிபார்த்துத்தான் வாடிக்கையாளர் கையில் கொடுத்தார்கள். மட்சுஷிதாவின் கடைகளோ சாதாரண மின்சாமான் கடைகள். ரேடியோ பேசாவிட்டால் திருப்பி அனுப்பினார்கள். தெரிந்த கடைகளிலேயே விற்போம் என்றார் தொழிற்சாலைக்காரர். தெரியாத கடையில் விற்றாலும் பழுதாகாத ரேடியோ வேண்டும் என்றார் இவர். பிரிந்தார்கள். நகாவோ என்ற தன் பொறியாளரை வைத்து மூன்று மாதத்தில் புதிதாகச் செய்த ரேடியோ 1931-ல் வானொலி நிறுவனம் நடத்திய போட்டியில் முதல் பரிசு பெற்றது.

எங்கள் பகுதிப் பட்டறைகளில் பணம் கசிவதும் இதே இடத்தில்தான். ரிட்டர்ன் பல்புகளை மூட்டையாகக் கட்டி மூலையில் போட்டுவிட்டு, எண்ணிக்கைக்குப் புதுப் பல்பு கொடுத்துவிடுகிறார்கள். அந்த மூட்டையைத் திறந்து ஐந்து பெட்டியாகப் பிரிக்க ஒருவருக்கு அரை நாள் போதும்.

முதல் பெட்டி, எல்.இ.டியில் கறுப்புப் புள்ளி விழுந்தவை. தொடராக இணைத்த வரிசையில் ஒன்று அறுந்தாலும் முழுப் பல்பும் அணைந்துவிடும். காரணம் பெரும்பாலும் சூடு. எல்.இ.டிகளைப் பொருத்தும் எம்.சி.பி.சி.பி உலோகத் தகடு பல்பின் உடலான ஹவுசிங்கோடு ஒட்டி உட்காரவில்லை, அல்லது நடுவில் போட்ட ஹீட்சிங்க் பேஸ்ட் போதவில்லை. எல்லாப் பல்பிலும் ஒரே இடத்து எல்.இ.டி போயிருந்தால் சூட்டைத் தேட வேண்டாம், சால்டர் பூசப் பயன்படும் அச்சுத் தகடான ஸ்டென்சிலைப் பாருங்கள். இரண்டாவது, மங்கலாகவோ விட்டுவிட்டோ எரிபவை. டிரைவரில் உள்ள எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் உப்பியிருக்கும். 85 டிகிரி சூடு தாங்கும் வகைக்குப் பதில் 105 டிகிரி தாங்கும் வகை போட வேண்டும். பத்து டிகிரி சூடு கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் சுமார் பாதியாகிவிடும் என்பது இத்தொழிலின் பால பாடம். மூன்றாவது, மின்னழுத்தம் திடீரென ஏறினால் பல்பைக் காக்கும் எம்.ஓ.வியும் ஃபியூஸ் ரெசிஸ்டரும் வெடித்தவை. ஒரே தேதியில் ஒரே தெருவிலிருந்து பத்து வந்தால் அங்கே நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் ஒயர்) கட் ஆகியிருக்கிறது, 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் 400 வரை ஏறியிருக்கும். கண நேர அதிர்ச்சியைத்தான் எம்.ஓ.வி தாங்கும், நீடிக்கும் 400 வோல்ட்டைத் தாங்காது. அது தன்னைப் பலி கொடுத்துத் தீ பிடிக்காமல் காத்தது என்று கடைக்காரருக்கு விளக்க வேண்டும். நான்காவது, ஒயர் விட்டது, டிரை சால்டர் (சரியாகப் பிடிக்காத பற்றவைப்பு), பல்பின் மூடியை அழுத்திப் பிடிக்கும் கேப் பஞ்சிங் தளர்ந்தது. இது பல்பு பூட்டும் லைனில் நிற்பவரின் வேலை சம்பந்தப்பட்டது, ஒரே நாளில் திருத்திவிடலாம். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ச் சரக்கில் மட்டும் கேப் முனையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் அது உப்புக் காற்று. அந்தப் பகுதிக்குப் போகும் வெளிப்புற விளக்குகளின் போர்டுக்கு லாக்கர் பூச்சு வேண்டும்.

ஐந்தாவது பெட்டிதான் வேடிக்கை: நன்றாக எரிபவை. ஹோல்டர் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால்கூடப் பல்பைத்தான் குறை சொல்வார்கள். கடைக்காரர் கவுன்டரில் ஒரு டெஸ்டிங் ஹோல்டர் பலகை வைத்துக் கொடுத்தால் இந்தப் பெட்டி பாதியாகிவிடும்.

இவ்வளவும் நடக்க ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு பல்பிலும் மாதம், ஆண்டு, லாட் (தயாரிப்புத் தொகுதி) குறியீடு அச்சிட்டிருக்க வேண்டும். அது இல்லாத ரிட்டர்ன் எந்தக் கெப்பாசிட்டர் லாட்டில் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

சரக்கு வெளியே போகும் முன் ஏஜிங் (சில மணி நேரம் எரியவிட்டுச் சோதிப்பது) செய்ய நேரமில்லை, கரன்ட் செலவு என்கிறார்கள். கணக்குப் போடுவோம். நூறு ஹோல்டர் ரேக்கில் 9 வாட் பல்பு நூறு போட்டால் 900 வாட். எட்டு மணி நேரத்துக்கு 7.2 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று கொண்டாலும் ஒரு பல்புக்கு 58 பைசா. முதல் ஒரு மணி நேரம் நிமிடத்துக்கு ஒருமுறை போட்டு அணைக்க வேண்டும், டிரை சால்டர் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். பிறகு நிலையாக எரியவிட்டு, கடைசியில் வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கில் 170 வோல்ட்டுக்கு இறக்கி 270 வரை ஏற்றிப் பார்க்க வேண்டும்.

இந்த அக்கறைக்கு லாபம் உண்டா? ஒரு பல்பின் அடக்கம் 48 ரூபாய், கடைக்கு வரி நீங்கலாக 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பல்பில் 12,000 ரூபாய் மிஞ்ச வேண்டும். இரண்டு ஆண்டு உத்தரவாதத்தில் 8 சதவீதம் திரும்பி வந்தால், 80 பல்புக்கு அடக்கமும் போக்குவரத்து ஏழு ரூபாயும் சேர்த்து 4,400 ரூபாய் போய், 7,600 நிற்கும். நல்ல கெப்பாசிட்டருக்கும் எம்.ஓ.விக்கும் இரண்டு ரூபாய் கூட்டி அடக்கத்தை 50 ஆக்கினால், காகிதத்தில் லாபம் 10,000 ஆகக் குறைகிறது. ரிட்டர்ன் 2 சதவீதமாக இறங்கினால் 20 பல்புக்கு 1,140 ரூபாய் போக 8,860 கையில் நிற்கிறது. ‘இரண்டு ரூபாய் மிச்சம்’ என்று பர்சேஸில் மகிழ்பவர் உண்மையில் ஆயிரத்துக்கு 1,260 ரூபாய் இழக்கிறார். இந்த இழப்பு எந்தப் பில்லிலும் தெரியாது.

விலை குறைக்கக் கூடாது என்பதல்ல எங்கள் வாதம். மட்சுஷிதாவே விலை குறைத்து வளர்ந்தவர்தான். 1927-ல் ஜப்பானில் இஸ்திரிப் பெட்டி 4, 5 யென். நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சம்கூட விற்கவில்லை. அவர் மாதம் 10,000 செய்வது என்று முதலில் முடிவெடுத்து, அந்த எண்ணிக்கையில் வரும் அடக்கத்தை வைத்து 3.20 யென்னுக்குக் கொண்டுவந்தார். ஒரே மாடல் என்பதுதான் இதில் சூட்சுமம். இங்கே மாதம் 26,000 பல்பு செய்யும் பட்டறையில் 3, 5, 7, 9, 12, 15, 18 வாட் என்று ஏழு மாடல், ஒவ்வொன்றிலும் வெள்ளை, வார்ம் (மஞ்சள் ஒளி). எதிலும் மொத்த விலை கிடைப்பதில்லை, ஏழு டிரைவரும் ஸ்டாக்கில் தூங்குகின்றன. மூன்று மாடலோடு நிறுத்தி, ஒரே ஹவுசிங், ஒரே டிரைவர் போர்டில் ரெசிஸ்டர் மட்டும் மாற்றி ஓட்டினால் விலை தானாக இறங்கும். நான்கு வண்ண அட்டைப் பெட்டியை விட்டுப் பத்துப் பல்பு பேக்கிங் போடலாம். கை வைக்கக் கூடாத இடங்கள் இரண்டு. அலுமினிய ஹவுசிங்கின் எடை ஒன்று. எல்.இ.டி எண்ணிக்கையைக் குறைத்து, மிச்சமுள்ளதில் அதிகக் கரன்ட் ஏற்றுவது இன்னொன்று. அப்படிச் செய்த பல்பு கடையில் பளிச்சென்று இருக்கும், சில மாதத்தில் மங்கிவிடும். மேலும் எல்.இ.டி பல்புக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 16102-இன்படி சோதனைக்குக் கொடுத்து ஆர் எண் (பி.ஐ.எஸ் பதிவு எண்) வாங்கிய மாதிரி ஒன்று, சந்தைக்குப் போகிற பல்பு வேறொன்று என்று ஆகிவிட்டால், அந்தப் பதிவு உங்களைக் காப்பாற்றாது.

அந்த இஸ்திரிப் பெட்டி அமோகமாக விற்றது, ஆனால் கணக்கு முடித்தபோது அந்தப் பிரிவு நஷ்டம். நண்பர் ஒருவரிடம் நிர்வாகத்தை விட்டுவிட்டுத் தாம் நேரடியாகப் பார்க்காததே காரணம் என்று முடிவுகட்டிய மட்சுஷிதா அதைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார். மாதாமாதம் கணக்கு முடிப்பதில் அவர் பிடிவாதமானவர், அதை ஊழியர்களுக்கும் காட்டியவர். இங்கே ஆண்டுக்கு ஒருமுறை ஆடிட்டர் சொல்லித்தான் லாப நஷ்டம் தெரிகிறது. ஆயிரம் பல்புக்கான உதிரி செட் லைனுக்குக் கொடுத்து 968 பேக் ஆனால் மீதி 32 எங்கே என்று அன்று மாலையே கேட்டால் பதில் கிடைக்கும், மார்ச்சில் கேட்டால் கிடைக்காது.

1929 இறுதியில் பொருளாதார வீழ்ச்சியில் அவர் யாரையும் நீக்காதது கட்டுரையில் கருணைக் கதையாக வந்திருக்கிறது. கருணை இருந்திருக்கலாம். கூடவே கணக்கும் இருந்தது. உற்பத்தி பாதி, வேலை அரை நாள், சம்பளம் முழுசு. மிஞ்சிய நேரத்தில் விடுமுறைகூட இல்லாமல் எல்லாரும் கிடங்கில் தேங்கிய சரக்கை விற்க வேண்டும். சுமார் இரண்டு மாதத்தில் சரக்கு தீர்ந்தது. இதைச் சிறு பட்டறை கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்க முடியாது. பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு 15,000 ரூபாய் சம்பளம் என்றால் இரண்டு மாதத்துக்கு 3.6 லட்சம் ரொக்கம் கையில் வேண்டும். எட்டு லட்ச ரூபாய்ச் சரக்கு தேங்கியிருக்கிறது, அது ஓடுகிற மாடல் என்றால் செய்யலாம். ஓடாத மாடல் என்றால் பன்னிரண்டு பேரும் தெருத்தெருவாக அலைந்தாலும் போகாது. எல்.இ.டி உதிரிகளின் விலை இறங்கிக்கொண்டே போவதால் தேங்கிய சரக்கு மாதாமாதம் மதிப்பு இழக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2015-லும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வடசென்னைக்குள் தண்ணீர் புகுந்ததை மறந்திருக்க மாட்டோம். தீபாவளிக்கென்று குவித்தது விற்காமல் போனால் அது மழைக்காலம் முழுக்கத் தரையில் கிடக்கும். குறைந்தது மூன்றடி உயர ரேக்கில் ஏற்றுங்கள். அதைவிட நல்லது, ஐப்பசி பிறக்கும்போதே உற்பத்தியைக் குறைப்பது.

எல்லாவற்றையும்விட எங்கள் பட்டறைகளுக்கு நேராகப் பொருந்துவது 1964 ஜூலையில் ஆட்டாமி என்ற ஊரில் அவர் கூட்டிய விற்பனையாளர் மாநாடு. அப்போது அவர் அன்றாட நிர்வாகத்திலிருந்து சற்று ஒதுங்கி, சேர்மன் பதவியில் இருந்தார். சுமார் 170 விற்பனை நிறுவனங்களில் லாபத்தில் இருந்தவை இருபது போலத்தான். மூன்று நாள் வாக்குவாதம். தொழிற்சாலை சரக்கைத் தள்ளிக்கொண்டே இருந்தது, முகவர்கள் பிராமிசரி நோட்டு எழுதி வாங்கி, கடைகளுக்கும் கடனில் கொடுத்து மூழ்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு மட்டும் என்றால் நாங்கள் இதை எழுதியிருக்க மாட்டோம். அடுத்த மாதமே விற்பனைப் பிரிவின் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டு, ஒரு பகுதிக்கு ஒரு விற்பனை நிறுவனம் என்று எல்லை பிரித்தார், நோட்டை ஒழித்து ரொக்கத்துக்கு மாற்றினார்.

வடசென்னையில் தொண்ணூறு நாள் கடன் சாதாரணம். மேலே சொன்ன 26,000 பல்புப் பட்டறைக்கு மாத அடக்கம் 12.48 லட்சம். மூன்று மாதம் வெளியே நின்றால் 37.44 லட்சம் சந்தையில். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்றால் மாதம் 37,440 ரூபாய், அதாவது பல்புக்கு ஒரு ரூபாய் 44 பைசா. சப்ளையரிடம் பத்து பைசாவுக்குச் சண்டை போடுகிறவர் இதைப் பார்ப்பதே இல்லை. 30 நாளில் கொடுத்தால் பல்புக்கு 75 பைசா தள்ளுபடி என்று சொன்னாலும் பட்டறைக்குக் கொஞ்சம் மிச்சமே.

சட்டமும் துணை நிற்கிறது. 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, கெடு தாண்டி நிலுவை வைத்தவர் அதைக் கொடுத்து முடிக்கும்வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதத்தில் வாங்குபவர்களின் ஆடிட்டர்களே ‘முதலில் இவர்களுக்குக் கொடுங்கள்’ என்று சொல்வதற்கு இதுதான் காரணம். இதற்கு உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) உற்பத்தியாளராக இருக்க வேண்டும், சரக்கு கொடுக்கும் முன்பே செய்துவிடுவது பாதுகாப்பு. வியாபாரி என்று பதிந்தவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. கேஸ் போட்டால் கடை போய்விடுமே என்ற பயம் நியாயமானது. ஆகவே கேஸில் தொடங்காதீர்கள். பில்லில் உத்யம் எண்ணையும் பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதியையும் அச்சடியுங்கள். மாதம் ஒருமுறை பாக்கிப் பட்டியலை எழுத்தில் அனுப்புங்கள். கச்சா பில்லில் (வரிக் கணக்கில் வராத துண்டுச் சீட்டில்) கொடுத்த சரக்குக்கு இதில் எதுவும் செல்லாது.

கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால் ஆட்டாமியையும் ரேடியோ ரிட்டர்னையும் விரிவாக எழுதக் கேட்டுக்கொள்கிறோம். இரண்டு திருத்தங்களும் உண்டு. சான்யோ நிறுவனத்தை 1947-ல் தொடங்கிய தோஷியோ இயுவே, கட்டுரையில் உள்ளபடி மட்சுஷிதாவின் தம்பி அல்ல, மனைவி முமேனோவின் தம்பி. பானசோனிக் குழுமத்துக்கு இந்தியாவில் ஏ.சி., டி.வி. மட்டுமே என்று எழுதியிருப்பதும் சரியல்ல. நம் வீட்டுச் சுவர்களில் உள்ள ஆங்கர் சுவிட்ச் நிறுவனத்தின் பெரும்பங்கை 2007-ல் வாங்கியவர்களும் அவர்களே.

இப்படிக்கு,
சிறு மின்சாதனப் பட்டறைகளின் தரக்கட்டுப்பாட்டாளர், கணக்காளர்,
வியாசர்பாடி, சென்னை